மார்ச் முப்பதாம் தேதிக் கடிதம்

கோஹாட்,
இந்திய வடமேற்கு எல்லை,
1911 மார்ச் 9

அன்புள்ள ஹெஸ்டர்,

உன் மகன் திங்கட்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தான். நீ கொடுத்தனுப்பிய கம்பளிக் காலுறைகள், ஆரஞ்சு ஜாம், இருமல் மருந்து எல்லாம் கிடைத்தன. அந்த மருந்தை நான் குதிரைக்குக்கூடக் கொடுக்கமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. விடுப்பில் உன் கையால் சாப்பிட்டு ரூபர்ட்டுக்கு முகம் பூரித்திருக்கிறது. எங்கள் அதிகாரிகள் மெஸ் சமையற்காரன் அதைப் பத்து நாளில் சரிசெய்துவிடுவான்.

ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. லெப்டினன்ட்டை வரவேற்கக் கர்னல் போனால் ரெஜிமென்ட் முழுக்கச் சிரிக்கும். மறுநாள் காலை அவனே ஆபீசுக்கு வந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.

"லெப்டினன்ட் ஹாலட், லீவு முடிஞ்சு வந்துட்டேன் சார்."

"சந்தோஷம், மிஸ்டர் ஹாலட். பயணம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு சார்."

ஆறு மாதம் கழித்து மகனைப் பார்த்த அப்பன் பேசிய பேச்சு இவ்வளவுதான். குமாஸ்தா பக்கத்தில் இருந்தான், வேறு என்ன பேசுவது? அவன் திரும்பி வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் பார்த்தால் அப்படியே உன் அப்பா.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பையனுக்கு அங்கே ஏதாவது பெண் விவகாரம் உண்டா? எந்நேரமும் வேறு எங்கோ இருக்கிறான். நேற்று சுடும் திடலில் இரண்டு தடவை கூப்பிட்டேன், சிலை மாதிரி நின்றான். மூன்றாவது தடவைதான் திரும்பினான். மெஸ்ஸில் யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால் மற்றவர்கள் சிரித்த பிறகு பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். ரெஜிமென்ட் டாக்டர் மெக்கே கண்ணடிக்கிறார். "கர்னல், ஆளு இங்க இருக்கான், மனசு பெட்ஃபோர்டுல இருக்கு. சீக்கிரம் கல்யாணச் சாப்பாடு போடுங்க." அப்படி ஏதாவது இருந்தால் எனக்கும் எழுது. கேப்டன் ஆகும்வரை பொறுத்திருக்கச் சொல்.

அடுத்த மாதம் தோரா பள்ளத்தாக்குக்குள் போகிறோம். சாலைக்கு நிலம் அளக்க வருகிறார்கள், நாங்கள் துணை. இருபுறமும் குன்றுகள், அங்கிருந்து மலைவாசிகள் சுடுவார்கள். தினமும் காலையில் ஓர் அதிகாரி சிப்பாய்களோடு மேலே ஏறி உட்கார்ந்து, கீழே எல்லாரும் திரும்பியபின் இறங்க வேண்டும். முறை போட்டிருக்கிறேன். ரூபர்ட்டுக்கும் அவன் முறை வரும். ஆடு மாதிரி ஏறுவான், கவலைப்படாதே.

உன்,
அம்புரோஸ்

*

பெட்ஃபோர்டு,
இங்கிலாந்து,
1911 மார்ச் 30

அன்புள்ள அம்புரோஸ்,

பெண் இல்லை. காது.

ரூபர்ட்டுக்கு வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதும் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே விஷக்காய்ச்சலில் கிடந்தானே, அதிலிருந்துதான். நானே தற்செயலாகக் கண்டுபிடித்தேன். அடுப்படியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் பால் பொங்கி வழிந்து நெருப்பில் சீறுகிறது, மாடியிலிருந்து நான் கத்திக்கொண்டே ஓடி வருகிறேன், அவன் பக்கத்தைத் திருப்புகிறான். பிறகு யோசித்துப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து என்னைத் தன் இடது பக்கமே உட்கார வைத்தான். பேசும்போது என் வாயையே பார்த்தான். அம்மா மேல் பாசம் என்று நான் பூரித்துப்போயிருந்தேன்.

பூட்ஸ் வாங்குவதாகச் சொல்லி லண்டனுக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். போனது திரும்பாது, இருப்பதும் ஒன்றிரண்டு வருடம்தான் என்றார். அன்று ரயிலில் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்கம்மா. சொன்னீங்கன்னா மறுநாளே டாக்டருங்க முன்னாடி நிறுத்திடுவாரு. அடுத்த கப்பல்ல நான் வீட்ல."

"வீட்ல இருந்தா என்னடா குறைஞ்சு போச்சு?"

"வீட்ல அப்பா இல்லியே."

ஆறு வயதில் அவனை இந்தியாவிலிருந்து இங்கே கப்பலேற்றி அனுப்பினோம். நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். வெயிலில் குழந்தை நிற்காது, படிப்பு கெடும், பேச்சு கெடும். அவனை உங்கள் அக்காவிடம் விட்டுவிட்டு நான் உங்களோடு இருந்தேன். வளர்ந்து பெரியவனாகும்வரை உங்களை மூன்று விடுப்பில் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். உங்கள் பக்கத்தில் இருக்க வேறு வழி தெரியாமல்தான் உங்கள் ரெஜிமென்ட்டுக்கே வந்து சேர்ந்தான். நீங்கள் அவனை மிஸ்டர் ஹாலட் என்கிறீர்கள். அதையும் சந்தோஷமாகத்தான் என்னிடம் சொன்னான்.

சத்தியத்தை மீறி எழுதுகிறேன். அவன் என்னை மன்னிக்கமாட்டான், பரவாயில்லை. தந்தி கொடுக்கத்தான் கை பரபரத்தது. ஆனால் கோஹாட்டில் ஒரு தந்தி உங்கள் கைக்கு வருமுன் தபால் ஆபீஸ், உங்கள் குமாஸ்தா, துணை அதிகாரி பிரஸ்காட், பிரஸ்காட்டின் மனைவி என்று கன்டோன்மென்ட் முழுக்கப் படித்துவிடும். பையனை ஊர் சிரிக்க வைக்க மனம் வரவில்லை. இந்தக் கடிதம் ஏப்ரல் பத்தொன்பது, இருபது வாக்கில் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

அவனை ஊருக்கு அனுப்புங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. அந்தக் குன்றுகளில் ஏற்றாதீர்கள். ஏதாவது சாக்குச் சொல்லி முகாமிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் கேட்காதவனை மேலே உட்கார வைக்கக் கூடாது. இத்தனை வருடத்தில் உங்கள் உத்தியோக விஷயத்தில் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ஹெஸ்டர்

*

தோரா முகாம்,
1911 ஏப்ரல் 27

என் ஹெஸ்டர்,

தந்தி கிடைத்திருக்கும். என்ன எழுதுவதென்று தெரியாமல் நான்கு நாள் கழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, 23-ஆம் தேதி. ரூபர்ட் இருபது பேரோடு வடக்குக் குன்றின் மேல் இருந்தான். மாலை நான்கு மணிக்கு நாங்கள் முகாமுக்குத் திரும்பினோம். இறங்கச் சொல்லிக் கீழிருந்து கொடி காட்டினோம், பியூகிள் ஊதினோம். புழுதிக் காற்று. கொடி தெரிந்திருக்காது. ஹவில்தார் மிஹ்ராப் கான் சிப்பாய்களை இறக்கிக் கொண்டுவந்தார். அதிகாரி கடைசியாகத்தான் இறங்க வேண்டும், அது எங்கள் வழக்கம். ரூபர்ட் முன்னால் இருந்த கல்மறைவில் தனியாக இருந்து, மற்றவர்கள் பத்திரமாகக் கீழே போகும்வரை எதிரியைத் தடுத்து நிறுத்தினான். அவன் மட்டும் வரவில்லை. நாங்கள் திரும்ப மேலே ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வேதனைப்பட்டிருக்கமாட்டான் என்று மெக்கே சொல்கிறார். சிப்பாய்கள் அவனை அப்படிக் கொண்டாடுகிறார்கள். ஜெனரல் தன் அறிக்கையில் அவன் பெயரைச் சேர்க்கிறார். இருபது உயிரைக் காப்பாற்றினான் என்று எழுதப்போகிறார்.

மறுநாள் காலை இங்கேயே அடக்கம் செய்தோம். பிரார்த்தனையை நான்தான் படித்தேன். பாதிரியார் இல்லாவிட்டால் அது கர்னலின் வேலை.

அம்புரோஸ்

*

பெட்ஃபோர்டு,
1911 மே 18

அம்புரோஸ்,

உங்கள் தந்தியில் "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்" என்று இருந்தது. மற்ற பையன்களின் அம்மாக்களுக்கும் அதே வரியைத்தான் அனுப்புவீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் இல்லாமல் என் நாக்கு இப்படி ஆகிவிட்டது.

தினமும் யாராவது வருகிறார்கள். இந்த ஊரில் பாதி வீடு ஓய்வுபெற்ற கர்னல்கள். அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டுமென்று மனப்பாடமாகத் தெரிகிறது. "பெருமைப்படுங்க மிஸஸ் ஹாலட். இந்த மாதிரி பிள்ளைய பெத்ததுக்கு நீங்க குடுத்து வச்சிருக்கணும்." நான் டீ ஊற்றிக் கொடுக்கிறேன். நேற்று ஒருவர் உற்சாகத்தில் என் சர்க்கரைக் கிண்ணத்தைக் குன்றாக்கி, ஸ்பூன்களைச் சிப்பாய்களாக்கி எனக்கு விளக்கினார். அந்த ஸ்பூன்களைப் பிறகு நானே கழுவினேன், வேலைக்காரியைத் தொடவிடவில்லை.

அவன் என்ன சாப்பிட்டான், கடைசியில் யாரோடு பேசினான், யாரும் இதையெல்லாம் எனக்குச் சொல்வதில்லை. அந்தக் குன்று யாருடையது, அதன் மேல் நமக்கு என்ன வேலை என்றும் யாரும் சொல்வதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மார்ச் முப்பதாம் தேதி நான் எழுதிய கடிதம் உங்களுக்கு எப்போது கிடைத்தது?

ஹெஸ்டர்

*

கோஹாட்,
1911 ஜூன் 8

அன்புள்ள ஹெஸ்டர்,

நீ இதைக் கேட்பாய் என்று தெரியும். உன் கடிதம் ஏப்ரல் 25-ஆம் தேதி வந்தது, இரண்டு நாள் கழித்து. மலையில் மழை பெய்து ஓடையில் வெள்ளம், தபால் வழியில் தேங்கிவிட்டது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால்! யாரையும் குறை சொல்ல முடியாது, ஹெஸ்டர். உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே. நீ செய்யக்கூடியதைச் செய்தாய்.

அவனுடைய வாளும் கைக்கடிகாரமும் உனக்கு வந்து சேரும். மற்ற சாமான்களை வழக்கப்படி மெஸ்ஸில் ஏலம் விட்டார்கள். இறந்த அதிகாரியின் பொருளைத் தோழர்களே வாங்கிக்கொள்வார்கள், உனக்குத் தெரியும். கர்னல் மட்டும் ஏலம் கேட்கக் கூடாது, எனக்கு எதிராக யாரும் வாய் திறக்கமாட்டார்கள் அல்லவா? அதனால் சுவரோரம் நின்று பார்த்தேன். அவன் பூட்ஸை மில்பர்ன் எடுத்துக்கொண்டான். வந்து மூன்று மாதம் ஆன பத்தொன்பது வயதுப் பையன், நல்லவன். எனக்குத் துக்கம் தரக் கூடாதென்று பழுப்பு நிறத்தைக் கறுப்பாக மாற்றியிருக்கிறான். ஆனால் நடக்கும்போது அதே கிரீச் சத்தம். தினமும் காலையில் அணிவகுப்பில் கேட்கிறேன்.

அம்புரோஸ்

*

பெட்ஃபோர்டு,
1911 ஜூன் 29

அம்புரோஸ்,

வாளும் கடிகாரமும் வந்தன. வாளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குடைகளோடு நிற்கிறது.

வெள்ளத்தால் தபால் தேங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். சரி.

ஆனால் எனக்கு அவனுடைய கடைசி வாரத்தைச் சொல்லுங்கள். வீரம் வேண்டாம், அது எனக்கு வேண்டிய அளவு வந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே முகாமில் இருந்தீர்கள். நீங்களும் அவனும் தனியாக எப்போதாவது நின்றீர்களா? ஏதாவது பேசினீர்களா? அவன் உங்களிடம், நீங்கள் அவனிடம். சின்னதாக இருந்தாலும் சரி, உள்ளது உள்ளபடி எழுதுங்கள். நான் கேட்பது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குப் புரிந்தால் நல்லது.

இங்கே மழையே இல்லை. தோட்டத்தில் பட்டாணி எல்லாம் காய்ந்துவிட்டது.

ஹெஸ்டர்

*

கோஹாட்,
1911 ஜூலை 20

அன்புள்ள ஹெஸ்டர்,

முகாமில் வேலை அதிகம், அதிகமாகப் பேச வாய்ப்பில்லை. பார்க்கும்போதெல்லாம் உற்சாகமாகத்தான் இருந்தான். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு செய்தி. எனக்கு ஒரு பிரிகேட்டின் தலைமைப் பதவி கிடைக்கும் என்று ஜெனரல் காதோடு காதாகச் சொன்னார். முப்பது வருட உழைப்பு. ஒரு காலத்தில் நாம் இரண்டு பேரும் இதைப் பற்றி எவ்வளவு கனவு கண்டோம்! குளிர்காலத்தில் நீ இங்கே வந்தால் என்ன? பெரிய வீடு, தோட்டம் எல்லாம் தருவார்கள். தனியாக அந்த ஊரில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய்?

தோரா பள்ளத்தாக்கில் சாலை போடும் யோசனையைக் கைவிட்டுவிட்டார்கள். செலவுக்குக் கட்டாது என்று மேலிடம் நினைக்கிறது.

அம்புரோஸ்

*

பெட்ஃபோர்டு,
1911 ஆகஸ்ட் 10

அம்புரோஸ்,

வரமாட்டேன்.

இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை கேட்கமாட்டேன். பிரிகேட் கிடைத்ததற்கு வாழ்த்துகள்.

ஹெஸ்டர்

*

கோஹாட்,
1911 செப்டம்பர் 14

ஹெஸ்டர்,

உன் நான்கு வரிக் கடிதம் மேஜை மேல் இரண்டு வாரமாக இருக்கிறது. எனக்கு உன்னைத் தெரியும். நீ கத்தினால் பயமில்லை, சுருக்கமாக எழுதினால்தான் பயம்.

உன் மார்ச் முப்பதாம் தேதிக் கடிதம் ஏப்ரல் 19, புதன்கிழமை காலை என் கைக்கு வந்தது. வெள்ளமும் இல்லை, மண்ணும் இல்லை. ரூபர்ட் மேலே ஏறுவதற்கு நான்கு நாள் முன்னால்.

படித்தேன். நம்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவன் கூடாரத்துக்கு வெளியே சவரம் செய்துகொண்டிருந்தான். பத்தடி பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. "டீ குடிக்கிறியா?" என்றேன். திரும்பவில்லை. "உன்னை ஊருக்கு அனுப்பிடப் போறேன்டா" என்றேன். சோப்பு நுரையை வழித்துக்கொண்டே இருந்தான். கிட்டே போய்த் தோளில் கை வைத்தேன். திடுக்கிடாமல் மெதுவாகத் திரும்பினான்.

"சார்?"

"ஒண்ணுமில்ல. சவரம் பண்ணு."

நீ கேட்ட கடைசிப் பேச்சு இதுதான். அதற்குப் பிறகு நாங்கள் தனியாக நிற்கவில்லை.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாய். அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இது: மனைவி தனிப்பட்ட முறையில் எழுதியதை ஒரு கர்னல் உத்தியோகத்தில் பயன்படுத்தக் கூடாது. ரூபர்ட்டாகவே டாக்டரிடம் போனால் அது வேறு. அவன் வாயைத் திறக்காதபோது, ஒரு பெண்மணி நம்பிச் சொன்னதை வைத்து அவன் உத்தியோகத்தை முடித்தால் நான் மனுஷனா? மேலும், முறைப்படி அடுத்தவன் மில்பர்ன். என் மகனை இறக்கிவிட்டு இன்னொருத்தி மகனை ஏற்ற முடியுமா? மெஸ்ஸில் யாரிடம் கேட்டாலும் நான் செய்தது சரி என்பார்கள். முப்பது வருடம் நான் அப்படித்தான் வாழ்ந்தேன், எனக்கு வேறு மாதிரி யோசிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அது காரணம் இல்லை, ஹெஸ்டர். ஐந்து மாதம் யோசித்த பிறகு சொல்கிறேன். மெக்கேயிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் அவன் பம்பாயில் கப்பலேறியிருப்பான். ஆறு வயதில் அவனை ஏற்றிவிட்டோமே, அன்று நீ அவனோடு கப்பலுக்குள் போனாய், நான் கரையில் நின்றேன். தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் முகம் எனக்கு அடையாளம் தெரியாத தூரம் போன பிறகும் தொப்பி ஆடியது. அதற்குப் பிறகு அவனோடு ஒரே இடத்தில் நான் இருந்தது இந்த இரண்டு வருடம்தான். மிஸ்டர் ஹாலட் என்று கூப்பிட்டாலும் தினமும் காலையில் அவன் வந்து நின்றான். இரண்டாம் தடவை அவனைக் கப்பலேற்ற எனக்குத் தெம்பு இல்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவனை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு அவனைக் கொன்றுவிட்டேன்.

அவன் இருபது பேரைக் காப்பாற்றவும் இல்லை. ஹவில்தார் மிஹ்ராப் கான் மறுநாளே என்னிடம் வந்தார். நரைத்த தாடியோடு நின்று தேம்பினார்.

"பியூகிள் கேட்டதும் நான் கத்தினேன் சாயிப். 'இறங்கச் சொல்லுது, வாங்க'ன்னு ரெண்டு தடவை கத்தினேன். சின்ன சாயிப் கையை மேல தூக்கினாரு. 'நீங்க போங்க, நான் வரேன்'ங்கிறாருன்னு நெனச்சுட்டேன். கண்ணுல விழுந்த தூசிக்குக் கைய தூக்கினாரோ என்னவோ."

"நீங்க செஞ்சது சரிதான் ஹவில்தார்" என்றேன்.

"இல்ல சாயிப். நான் கிட்டப் போய் கூட்டிட்டு வந்திருக்கணும். அவரு காதுல விழுந்துதான்னு பார்த்திருக்கணும்."

அந்த மனிதருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் இன்றும் தன்னைத்தான் நொந்துகொண்டிருக்கிறார். நாளைக்கு அவரிடமும் சொல்லப்போகிறேன்.

பியூகிள் அவன் காதில் விழவே இல்லை. தன் ஆட்கள் பின்னால் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அவன் முன்னால் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தான். எப்போதோ ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பான். பின்னால் வெறும் கற்கள். அந்த ஒரு நிமிஷத்தை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.

பிரிகேட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ராஜினாமாவும் போய்விட்டது. நவம்பரில் கப்பல். வேறு எங்காவது ஓர் அறை எடுத்துக்கொள் என்று நீ சொன்னால் எடுத்துக்கொள்கிறேன். நீ எழுதுவதைப் பொறுத்து.

அம்புரோஸ்

*

பெட்ஃபோர்டு,
1911 அக்டோபர் 5

அம்புரோஸ்,

எனக்குத் தெரியும். மே மாதம் 12-ஆம் தேதியிலிருந்து தெரியும்.

அன்று ரூபர்ட்டிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவன் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. தபால்காரர் அவன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, என்னை உட்காரச் சொல்லித்தான் கொடுத்தார். அதை இதனுடன் வைத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் தனியாகப் பிரித்துப் படித்தால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால் நானே இங்கே எழுதிக் காட்டுகிறேன்.

"அம்மா, சொல்லிவிட்டீர்கள் அல்லவா? ஒரு மணி நேரம் உங்கள் மேல் கடுங்கோபம். இப்போது இல்லை. இன்று காலை சவரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் அப்பா தெரிந்தார். பின்னால் நின்று ஏதோ சொல்கிறார். உதடு அசைகிறது, சத்தமில்லை. சோதித்துப் பார்க்கிறார் என்று புரிந்துவிட்டது. திரும்பியிருந்தால் தப்பித்திருப்பேன். திரும்பவில்லை. அவரிடம் பொய்யாகவே நடந்து நடந்து எனக்கு அலுத்துவிட்டது. தெரிந்துகொள்ளட்டும், அனுப்புவதானால் அனுப்பட்டும் என்று நின்றேன். கண்ணாடியில் அவரையே பார்த்ததில் தாடையில் ஒரு வெட்டு. வந்து தோளில் கை வைத்தார். ஒன்றுமில்லை, சவரம் பண்ணு என்றார். ஒன்றுமில்லையாம்! எல்லாம் தெரிந்தும் என்னை வைத்துக்கொண்டார், அம்மா. முதலில் சொன்னது என் பெயர் என்று நினைக்கிறேன். மிஸ்டர் ஹாலட் என்று சொல்ல உதடு அப்படிக் குவியாது.

"ஞாயிற்றுக்கிழமை என் முறை. ஹவில்தார் மிஹ்ராப் கானிடம் காது விஷயத்தைச் சொல்லிவிடுவோம், பியூகிள் ஊதினால் தோளைத் தட்டச் சொல்வோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி வேண்டாம். அப்பாவே என்னால் முடியும் என்று நம்பும்போது முடியும்தானே? உங்களுக்கு நன்றி, அம்மா. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு இந்த நாள் கிடைத்திருக்காது."

இதுதான் அவன் கடைசியாக எழுதியது.

முதல் வாரம், இதை அனுப்பினால் நீங்கள் உயிரோடு இருக்கமாட்டீர்கள் என்று மறைத்தேன். பிறகு கடிதம் எப்போது கிடைத்தது என்று கேட்டேன். வெள்ளம் என்றீர்கள். அன்றிலிருந்து வேறு காரணத்துக்காக வைத்திருந்தேன். நீங்கள் பிரிகேட், பெரிய வீடு என்று எழுதிய நாளில் இதை உறையில் போட்டு முகவரிகூட எழுதினேன். கொன்றுவிடட்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன். தபால் பெட்டிவரை போய்த் திரும்பி வந்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் ஹவில்தாரிடம் சொல்லியிருப்பான், பிழைத்திருப்பான். நீங்கள் வாயைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பான். ஐந்து மாதமாக இரண்டையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன். எந்தப் பக்கம் போனாலும் அவன் அங்கே சோப்பு நுரையோடு சந்தோஷமாக நிற்கிறான்.

மெஸ் கௌரவத்துக்காக அவனை ஏற்றினீர்கள் என்று நினைத்திருந்தேன். அதை என்னால் சாகும்வரை மன்னித்திருக்க முடியாது. கப்பலைப் பற்றி நீங்கள் எழுதியது இதுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தொப்பியைக் கழற்றி ஆட்டச் சொன்னது நான்தான். "அப்பா பார்த்துட்டே இருப்பாரு, நிறுத்தாதே" என்றேன். கை வலிக்கிறது என்று அழுதுகொண்டே ஆட்டினான்.

வேறு எங்கும் அறை எடுக்க வேண்டாம். துறைமுகத்துக்கு நான் வரமாட்டேன், கப்பலைப் பார்க்க என்னால் முடியாது. நீங்களாக ரயில் பிடித்து வீட்டுக்கு வாருங்கள். மன்னித்துவிட்டாயா என்று வாசலில் நின்று கேட்காதீர்கள், எனக்குப் பதில் தெரியாது. ஆனால் இந்த ஊரில் நான் பார்க்கிற ஒவ்வொருவரும் இருபது பேரைக் காப்பாற்றிய ஒருவனைப் பற்றிப் பேசுகிறார்கள். அவன் யாரென்றே எனக்குத் தெரியாது. என் பையனைத் தெரிந்தவர் உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை. அதற்காக வாருங்கள்.

ஹெஸ்டர்